பாயின் மனைவி இருந்த சபை

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு இடம் மாறிப்போகும். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பதும் தெரியாது. இதைக் கணினியில் அடிக்கப்போகிறவர் பொறுத்துக்கொண்டு எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. திருவொற்றியூரில் கடல் அரிக்காமல் இருக்கக் கல் கொட்டியிருக்கும் கரைக்கு எதிரே வீடு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. மாதா கோயிலில் யாராவது ஏதாவது படிக்கக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று இந்த வயதிலும் தூணுக்குப் பின்னால் நிற்பவன். அதனால் எனக்கு அமைந்த வேலை என் குணத்துக்குப் பொருத்தமானது. கப்பலில் வாட்ச்மேன்.

ஒரு கப்பலின் மேல் வழக்கு வந்து, அது நகரக்கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டால், அதைத் துறைமுகத்துக்குள் வைத்து இடத்தை அடைக்க மாட்டார்கள். வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திவிடுவார்கள். கப்பலில் கொஞ்சம் ஆட்கள் மட்டும் இருப்பார்கள். வழக்கு முடிகிறவரை அவர்களும் இறங்க முடியாது. காவலுக்கு உள்ளூர்க்காரன் ஒருவனை ஏற்றிவிடுவார்கள். பதினைந்து நாள் நான் என்றால் அடுத்த பதினைந்து நாள் இன்னொருவர்.

நான் சொல்லப்போகும் கப்பல் எண்ணூருக்கு நேராக நின்றது. மேல்தளத்தில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும். அதற்குத் தெற்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் என் வீடு இருக்கும் கரையும் தெரியும். நான் ஏறிய சில நாளில் கொரோனா ஊரடங்கு வந்தது. மாற்று ஆள் வரவில்லை. பதினைந்து நாள் என்று ஏறியவன் எழுபது நாள் ஆகியும் இறங்கவில்லை. வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போக முடியாமல் இருப்பது எப்படி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் மாற்று ஆள் ஒழுங்காக வராததால், நடுவில் சில நாள் வீட்டுக்குப் போய் வந்தது தவிர இரண்டு வருஷத்துக்கு மேல் அந்தக் கப்பலில்தான் இருந்தேன்.

கப்பலில் ஐந்து பேர் இருந்தார்கள். என்னோடு பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவர் இஞ்சினியர், தூத்துக்குடிக்காரர். அவரை அண்ணாச்சி என்பேன். இன்னொருவர் சமையல்காரர். பிலிப்பைன்ஸ் நாட்டில் தெற்கே மிண்டனாவ் என்று பெரிய தீவு இருக்கிறதாம், அந்தப் பக்கத்து முஸ்லிம். எங்கள் ஊர் வழக்கப்படி அவரைப் பாய் என்று கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாமு என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது. அடுத்து ஒரு முழு வாக்கியத்தையே கற்றுக்கொண்டார்.

“மாமு, நெட்டு கீதா?”

கப்பலின் இன்டர்நெட்டை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். உள்ளூர் சிம் இருந்தது என் போனில் மட்டும்தான். கரையைப் பார்த்த பக்கத்தில்தான் சிக்னல் வரும். நங்கூரம் போட்ட கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால் சிக்னலும் ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம். பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நாங்களும் மாறி மாறி உட்காருவோம்.

ஒரு நாள் காலை பாய் என் போனில் என்ன பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். சினிமா என்று நினைத்திருந்தேன். ஒரு பெரிய மண்டபம். மேசை மேசையாக மைக். தொப்பி போட்ட ஆண்கள், முக்காடு போட்ட பெண்கள். யாரோ ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டே இருந்தார். பாய் திரையின் மூலையில் விரலை வைத்தார். “வைஃப்” என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அண்ணாச்சிதான் எனக்குப் புரியவைத்தார்.

“நெசந்தான் தம்பி. நம்ம சட்டசபை மாதிரிதான் அது. அங்க முஸ்லிம் சனங்க ரொம்ப காலமா தனி ஆட்சி கேட்டுச் சண்டை. கடைசில சமாதானம் ஆகி, உங்க பகுதிய நீங்களே ஆண்டுக்கோங்கன்னு கொடுத்துட்டாவ. தேர்தல் வைக்கதுக்கு முந்தி சட்டதிட்டம் எல்லாம் எழுதணும்லா? அதுக்கு எம்பது பேர நியமிச்சிருக்காவ.”

“ஓட்டு போட்டா?”

“ஓட்டுலாம் இல்ல. நீ வா, நீ வான்னு கூப்பிட்டு உக்கார வச்சிருக்காவ. சண்ட போட்டவனும் உண்டு, வக்கீலும் உண்டு. இவரு வீட்டம்மா பள்ளிக்கூட டீச்சர்.”

“எத்தினி வருஷத்துக்கு?”

“மூணு. பொறவு தேர்தல் வரும், இவங்க வீட்டுக்குப் போவணும்.”

பாய் கடலில் இருந்தபோதுதான் அவர் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்பது மாதத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டியவர். வழக்கில் கப்பல் நின்றது, அவரும் நின்றார். தன் மனைவியை அந்த நாற்காலியில் அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அவர்கள் சபை கூடும்போது இங்கே வெயில் ஏறியிருக்காது. முதலில் ஓதுவார்கள். பிறகு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார்கள். பாய் உலையில் அரிசி இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஸ்டூலுக்கு வந்துவிடுவார். பேர் வரும். “பிரசண்ட்” என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்து அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது, நேற்று சரியாகத் தூங்கவில்லை, யார்மேலோ கோபமாக இருக்கிறாள் என்றெல்லாம் சொல்வார். எங்கள் பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்போம். நான் நின்ற பிறகும் வாத்தியார் பல நாள் என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இதைப் பாயிடம் சொல்ல நினைத்தேன், அப்போது எங்களுக்குள் அவ்வளவு பாஷை இல்லை.

பாஷை கொஞ்சம் வந்த பிறகு அவர் ஆசையைச் சொன்னார்.

“மாமு, அந்த ஹாலு மேல பப்ளிக் குந்துற எடம் கீது. ஒரு நாளு அங்க குந்தணும். பேரு கூப்புடச்சொல்லோ அவ சொல்றத நேர்ல கேக்கணும். ஒரு வாட்டி போதும்.”

மூன்று வருஷத்தில் ஒன்றரை வருஷம் போயிருந்தது. வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

நோய் பயத்தில் அந்தச் சபையும் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே நடந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். பாயின் மனைவி முகமும் ஒரு கட்டத்தில். அதற்குப் பின்னால் பச்சைச் சுவர், ஒரு ஜன்னல், பாதிக் கதவு. பாய் அதற்குப் பிறகு மனைவியைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார்.

“அந்தக் கம்பி நான் வச்சது. அந்தத் தெரைச்சீலை புச்சு. யார்ரா வாங்கினது?”

ஒரு தடவை யாரோ நீளமாக ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நடுவில் சேவல் கூவியது. அந்த அம்மா அவசரமாக மைக்கை அணைத்தார். “என் சேவலு மாமு” என்று சொல்லிப் பாய் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு நாள் அங்கே நல்ல மழை. தகரக் கூரை போலிருக்கிறது, சத்தம் பெரிதாகக் கேட்டது. பாய் திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு மழை நிற்கும்வரை உட்கார்ந்திருந்தார். எங்களைச் சுற்றி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து அவர்கள் மண்டபத்துக்கே திரும்பினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மறுபடியும் மேசை, மைக், நாற்காலி. பாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார்.

“வூடு பூட்ச்சு மாமு” என்றார். சமையலறைக்குப் போய்விட்டார்.

இதில் ஒரு விஷயம் உண்டு. கப்பல் நின்றுவிட்டதைப் பாய் மனைவிக்குச் சொல்லவில்லை. என் நெட்டைத் தன் போனுக்கு வாங்கி மெசேஜ் அனுப்புவார். ரிப்பேர் என்பார், அடுத்த சரக்குக்குக் காத்திருக்கிறோம் என்பார். ஏன் என்று அண்ணாச்சி கேட்டதற்கு, “அவ அங்க பெரிய வேலை பாக்குறா. அவ புருஷன் மாட்டிகினு கீறான்னு எல்லாரும் பேசணுமா?” என்றார். நானும் அண்ணாச்சியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதைக் கெடுத்தவன் நான்.

அந்தச் சபை நேரலையாக வரும் பக்கத்தைப் பார்க்க என் போனில் இருந்த கணக்கு என் மனைவியுடையது. அவள் பேர், கோயில் திருவிழாவில் பூ வைத்து எடுத்த அவள் படம். எனக்கு அதெல்லாம் திறக்கத் தெரியாது, அவள்தான் செய்து கொடுத்திருந்தாள். ஒரு காலை பாய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையெல்லாம் மாவு. போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். நழுவிவிடப் போகிறதே என்று கட்டைவிரலை அழுத்திப் பிடித்தேன். திரையில் சிவப்புச் சிவப்பாக இதயம் மிதந்து மேலே போனது. அந்த நாட்டு ஜனங்கள் அனுப்புகிறார்கள் போல என்று நினைத்தேன். பாய் தன் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கவனிக்கவில்லை. அன்று முதல் பேர் கூப்பிடும் நேரத்தில் போன் பிடிப்பது என் வேலையாயிற்று. மூன்று வாரம் பிடித்தேன்.

மனைவி போன் செய்தாள்.

“ஏன்யா, இன்னா பண்ணிகினு கீற அங்க?”

“இன்னா?”

“முக்காடு போட்ட பொம்பள ஒண்ணு எனக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போட்டுகினே கீது. பக்கத்து வூட்டு டீச்சராண்ட காட்னேன். நீ யாரு, என் பேரு சொல்லச்சொல்லோ மட்டும் ஏன் ஹார்ட்டு உடுற, என்கூட குந்திகினு கீறவங்கலாம் என்ன கிண்டல் பண்றாங்கன்னு கேக்குது. நான் எப்பய்யா ஹார்ட்டு உட்டேன்? கட்ன புருஷனுக்கே உட்டதில்ல.”

அது பாய் சம்சாரம், பதில் போடாதே, சும்மா இரு என்றேன். என் மனைவி ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். சும்மா இரு என்று அவளிடம் சொன்னது இரண்டாவது தப்பு.

மறுநாள் அவளே அந்த அம்மாவை வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். கரைக்குப் போய்க் கல்மேல் ஏறி நின்று போனைக் கடல் பக்கம் திருப்பியிருக்கிறாள். அன்று சாயங்காலம் என்னிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாள்.

“எந்த பாஷைல பேசுன?” என்று கேட்டேன்.

“தமிழ்லதான். பொம்பள பேசுனா பொம்பளைக்குப் புரியாதா? அதோ பாரு, அந்தக் கப்பல்லதான் உன் வூட்டுக்காரு கீறாருன்னேன். மொதல்ல அது சிரிச்சுது. அப்பால நீ அனுப்புன போட்டோவ காட்னேன். நீயும் பாயும் மீனு புட்ச்சு வச்சிகினு நிக்கிறீங்களே, அது. எம்மா நாளா கீதுன்னு கை வச்சு கேட்டுது. வருஷம் ஆவுது, அங்கியே நிக்கிதுன்னு நானும் கைய வச்சே சொன்னேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் அது சிரிக்கல.”

பாய்க்கு அன்றே மெசேஜ் வந்துவிட்டது. படித்தார், போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நான் வாழ்க்கையில் யாரோடும் சண்டை போட்டதில்லை, எப்படிச் சமாதானம் ஆவது என்றும் தெரியாது. மூன்றாம் நாள் காலை ஸ்டூலைக் கொண்டுபோய்ச் சிக்னல் வரும் பக்கம் போட்டு, போனை அதன்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பாய் வந்து உட்கார்ந்தார்.

அன்றுதான் அவர் மனைவி எழுந்து பேசினார். அண்ணாச்சி அவ்வப்போது மெதுவாகத் தமிழில் சொன்னார்.

“நம்ம ஊரு ஆம்பிளைங்க எத்தன பேரு எந்தெந்தக் கடல்ல நின்னுபோன கப்பல்ல கெடக்காங்கன்னு நமக்குத் தெரியுமான்னு கேக்காவ. நாம இங்க சட்டம் எழுதுதோம், அவங்க எப்ப வீடு வந்து அத அனுபவிப்பாங்கன்னு கேக்காவ.”

“பாய் பத்தி?”

“சொல்லல தம்பி. ஒரு வார்த்த சொல்லல.”

நடுவில் ஒரு இடத்தில் அந்த அம்மா நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பாய் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மாமு, இனிமே ஹார்ட்டு உடு. ஆனா என்ன கேட்டுகினுதான் உடணும்.”

அங்கிருந்து மணிலாவுக்குக் கடிதம், மணிலாவிலிருந்து தூதரகம், தூதரகத்திலிருந்து இங்கே வக்கீல், வக்கீலிடமிருந்து கோர்ட்டு. வேகமாக நடக்கவில்லை. அதற்கும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதற்குள் அங்கே தேர்தலைத் தள்ளி வைத்து, இடைக்காலச் சபையே இன்னும் மூன்று வருஷம் தொடரும் என்று சட்டம் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணாச்சி தலையாட்டினார்.

“சபை இருக்கும் தம்பி. ஆளுங்களத் திரும்ப நியமிப்பாவ. இவங்க பேரு அதுல இருக்குமா இருக்காதான்னு யாரு கண்டா?”

ஆக, பழைய சபையின் கடைசிக் கூட்டத்துக்குள் பாய் போய்ச் சேர வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது இறங்க உத்தரவு வந்தது. படகு வந்து கயிற்று ஏணிக்குக் கீழே நின்றது. பாய் எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். நான் அவர் பையைக் கயிற்றில் கட்டிப் படகுக்குள் இறக்கினேன்.

“அன்னிக்கு நீ நெட்டுல பாரு மாமு. கேமரா மேல வராது. ஆனா நான் அங்க கீறேன்னு நெனச்சிக்கோ” என்றார். படகு காசிமேடு பக்கம் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.

அந்த நாள் காலை நான் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓதினார்கள். பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அந்த அம்மாவுக்கு முன்னால் வரும் நாலு பேரும் எனக்கு மனப்பாடம். நாலும் வந்தன. அந்த அம்மா பேரும் வந்தது. பதில் இல்லை. கூப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதா, பாய்க்கு ஏதாவதா என்று அண்ணாச்சியை எழுப்பிக் கேட்டேன். அவருக்கு என்ன தெரியும்? இரண்டு நாள் எந்தச் செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. விமான நிலைய வாசல். கப்பலில் போட்டு வெளுத்துப்போன அதே சட்டையில் பாய். பக்கத்தில் அந்த அம்மா, சபைக்குப் போட்டுக்கொண்டு போகும் உடுப்பில். கூடவே பாயின் குரல்.

“மாமு, மணிலால பிளேன் லேட்டு. அவளுக்கு மெசேஜ் போட்டேன், இன்னிக்கு கடைசி நாளு, நீ சபைக்குப் போ, நான் பின்னாடி வரேன்னு. வெளிய வந்து பாக்குறேன், அவ நின்னுகினு கீறா. இன்னா இங்க வந்துட்டன்னு கேட்டேன். அங்க எழுவத்தொம்பது பேரு கீறாங்க, இங்க உனுக்கு யாரு கீறான்னு சொல்றா.”

புதுப் பட்டியல் வந்தபோது அந்த அம்மா பேர் அதில் இல்லை. திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வழக்கு முடிந்து கப்பலை விற்று இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி தூத்துக்குடிக்குப் போனார். எனக்கு இப்போது கண்டெய்னர் யார்டு ஒன்றில் கேட் வேலை. அங்கிருந்து கடல் தெரியாது, லாரிதான் தெரியும். அங்கே தேர்தல் வரப்போகிறது என்பார்கள், பிறகு தள்ளிப்போயிற்று என்பார்கள், இப்படியே இருக்கிறது. காலையில் சில நாள் அந்தச் சபையைப் போட்டுப் பார்க்கிறேன். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. இருந்தாலும் பேர் கூப்பிடும்வரை பார்ப்பேன். பாயைப் போல ஒரு சிநேகிதன் அதற்கு முன்னும் எனக்கு இருந்ததில்லை, பிறகும் இல்லை. அவரிடம் அதைச் சொன்னதில்லை.

போன மாதம் பாய் கூப்பிட்டார். தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. தேடித் தேடிப் பேசினார்.

“மாமு, நான் அங்க போய் குந்துனேன். மேல, பப்ளிக் எடத்துல.”

“எப்போ பாய்?”

“போன வாரம். அவளும் வந்தா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. கீழ பேரு கூப்ட்டாங்க. அவ பேரு வர்ற எடம் எனுக்குத் தெரியும். அந்த எடம் வந்துச்சு, வேற யாரு பேரோ சொன்னாங்க.”

“அம்மா இன்னா பண்ணாங்க?”

“என் கைய புட்ச்சுகினா. காதாண்ட வந்து அந்த ஒரு வார்த்தைய சொன்னா.”

எந்த வார்த்தை என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் தகரத்தின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. சாப்பிட்டீங்களா பாய் என்று கேட்டேன்.

இன்னும் இல்லை, அவள் மீன் பொரிக்கிறாள் என்றார்.

இதை எழுதி முடித்தது 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.